பாட்டியின் புதன்கிழமைகள்

கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் என் பாட்டி இருபத்து மூன்று வருடம் வேலை செய்தார். அந்த ஹோட்டலின் முன்வாசல் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பின்பக்கம் லோரிகள் வந்து நிற்கிற இடத்தில் ஒரு இரும்புக் கதவு இருந்ததாம். அதைத் திறந்தால் கீழே இறங்கும் படிகள். படி முடிகிற இடத்தில் டோபி, ஹோட்டல் துணியெல்லாம் வெளுக்கிற இடம். மேல் மாடிகளில் யார் யாரோ படுத்தெழுந்த பெட்ஷீட்டும் தலையணை உறையும் ஒரு தகரக் குழாய் வழியாகப் பொத்பொத்தென்று கீழே விழுந்துகொண்டே இருக்கும். சன்னல் கிடையாது. அன்றைக்கு மழை பெய்ததா, வெயில் காய்ந்ததா என்பதே வேலை முடிந்து படியேறி வந்தால்தான் தெரியும்.

"மேகத்துக்குள்ள வேலை செய்யற மாதிரிதான் இருக்கும்," என்பார் பாட்டி. "எங்க பாத்தாலும் ஆவி. எங்க பாத்தாலும் வெள்ளை. எதிர்ல நிக்கறவ மூஞ்சி ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் தெரியாது."

அந்த எதிரில் நின்றவரை விட்டுவிட்டுப் பாட்டியைப் பற்றி எழுத முடியாது.

பாட்டி பிறந்தது ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பத்தொன்பது வயதில் கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தார். தாத்தா லோரியில் சாமான் ஏற்றி இறக்குகிறவர். ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டார். அப்போது என் அம்மாவுக்குப் பதினொரு வயது, மாமாவுக்கு எட்டு. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர்தான் பாட்டியைக் கூட்டிக்கொண்டுபோய் அந்த டோபியில் சேர்த்துவிட்டார். முதல் நாள் படியில் இறங்கும்போது, தோட்டத்தில் விடியற்காலையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே நிற்கும் பனி நினைவுக்கு வந்ததாகவும், உள்ளே போனால் தன் அம்மா அங்கே வாளியோடு நிற்பாரோ என்று ஒரு கணம் தோன்றியதாகவும் பாட்டி சொல்லியிருக்கிறார்.

அங்கே நின்றது அம்மா இல்லை. பாட்டியின் வயதே உள்ள ஒரு சீனப் பெண். பெரிய பெட்ஷீட்டை ஒற்றை ஆளாய் மடிக்க முடியாது. மேற்பார்வையாளர் அந்தப் பெண்ணைக் காட்டி, "ரெண்டு பேரும் சேர்ந்து மடிங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாட்டிக்குத் தெரிந்தது தோட்டத்து மலாய். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது சந்தையில் பேசுகிற பாசார் மலாய். அது போதுமாயிருந்தது. சீனப் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற வழக்கப்படி பாட்டி அவரை "அமோய்" என்றார். அவர் தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லை எடுத்துப் பாட்டிக்கு வைத்தார்: "தங்கச்சி." இருவருக்கும் தலை நரைத்த பிறகும் அவர் அமோய்தான், இவர் தங்கச்சிதான். எங்கள் வீட்டிலும் அவருக்கு வேறு பெயர் இருந்ததில்லை.

மடிப்பதில் ஒரு முறை உண்டு. இருவரும் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு உதறு. பிறகு கைகளைச் சேர்த்தபடி ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். நெஞ்சுக்கு நேரே வந்ததும் ஒருவர் தன் முனைகளை மற்றவர் விரல்களில் கொடுத்துவிட்டுக் குனிந்து கீழே தொங்குகிற மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். திரும்பவும் நெருங்க வேண்டும். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை நூறு தடவை நெருங்கி விலகினார்களோ தெரியாது. அந்த நடையிலேயேதான் அவர்கள் பேசிக்கொண்டார்கள். நெருங்கும்போது பாதிக் கதை, திரும்ப நெருங்கும்போது மீதி. சாப்பாட்டு நேரத்தில் அமோய் பாட்டியின் தயிர்சாதத்தையும் எலுமிச்சை ஊறுகாயையும் எடுத்துக்கொள்வார். பாட்டிக்கு அவருடைய பாவ், உள்ளே சிவப்புப் பயறு வைத்து ஆவியில் வேகவைத்தது.

சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு ஒரு கூடை ஆரஞ்சு எங்கள் வீட்டுக்கு வரும். தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு அங்கே போகும். மாமா இன்றைக்கும் மீ நூடுல்ஸைக் குச்சியால்தான் சாப்பிடுவார், அமோய் கற்றுக்கொடுத்தது. அம்மாவின் கல்யாணப் படத்தில் முன் வரிசையில் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு, முந்தானையை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் சுருட்டிப் பிடித்தபடி நிற்பவர் அவர்தான்.

பிறகு ஒரு நாள் ஐம்பது அறுபது மேசைவிரிப்புகள் ரோஜா நிறமாகிவிட்டன.

எனக்கு அப்போது மூன்று வயது. அம்மா சொல்லித்தான் தெரியும். ஹோட்டலில் ஒரு பெரிய கல்யாண விருந்து. அதற்கான வெள்ளை மேசைவிரிப்புகளைப் பாட்டியின் இயந்திரத்தில் போட்டிருந்தார்கள். அன்று அமோய்க்கு இடுப்பு வலி. பாட்டியின் இயந்திரத்துக்கு அவ்வளவாகக் குனிய வேண்டியதில்லை என்பதால் பாட்டிதான் அவரை அங்கே நிற்கச் சொல்லிவிட்டு, அவர் இடத்துக்குத் தான் போயிருந்தார். துணியோடு துணியாக ஒரு சிவப்புத் துண்டு போய்விட்டது. அமோய் பார்க்கவில்லை. கதவைத் திறந்தபோது உள்ளே இருந்ததெல்லாம் ரோஜா நிறம். "பாக்க அழகாத்தான் இருந்துச்சு," என்று பாட்டியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். "விடியறப்ப வானம் இருக்குமே, அந்த மாதிரி."

மேலாளர் இறங்கி வந்தார். சுவரில் ஒட்டியிருந்த தாளில் அந்த இயந்திரத்துக்கு எதிரே பாட்டியின் பெயர் இருந்தது. எல்லோர் முன்னாலும் பாட்டியை நிற்கவைத்துக் கத்தினார். பாட்டி அமோயைப் பார்த்தார். அமோய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே சொல்லட்டும் என்று பாட்டி காத்திருந்தார். அவர் சொல்லவில்லை. பாட்டியும் சொல்லவில்லை.

ஆறு மாதம் பாட்டியைச் சமையலறைத் துணிகளுக்கு மாற்றிவிட்டார்கள். எண்ணெயும் மீன் வாடையும் ஊறிய துணிகள். வீட்டுக்கு வந்து எத்தனை முறை குளித்தாலும் அந்த வாடை போகவில்லை என்று அம்மா சொல்வார். அந்த நாட்களில் ஒருநாள் பாட்டி, அம்மாவும் மாமாவும் இருக்கும்போது சொன்னாராம், "நான் செத்தாக்கூட அவ என் வாசல்ல கால் வைக்கக் கூடாது." பாட்டி அப்படி யாரையும் சொன்னதில்லை. அதனாலேயே அம்மா அதை இறுகப் பிடித்துக்கொண்டார். கல்யாணப் படத்தைக்கூட அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

ஆறு மாதம் கழித்துப் பாட்டியைத் திரும்ப பெட்ஷீட்டுக்கே கொண்டுவந்தார்கள். எதிரில் அமோய். உதறு, நட, கொடு, குனி, விலகு. மூன்றரை வருடம் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் அதைச் செய்தார்கள். ஒரு பெருநாளுக்கு அமோய் டோபியில் பாட்டி பை வைக்கிற அலமாரிக்குள் நான்கு ஆரஞ்சு வைத்திருந்தாராம். பாட்டி அதை எடுத்துப் பொது மேசையில் வைத்துவிட்டார். வேலையை விட்டு நின்ற அன்றைக்கும் சொல்லிக்கொள்ளாமல் படியேறி வந்துவிட்டார்.

வந்தவர் எங்கள் வீட்டில் தங்கினார். கிள்ளானில் நான்காவது மாடி, லிப்ட் பாதி நாள் ஓடாது. எனக்கு ஏழு வயது. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட, பள்ளி விட்டு வந்தால் பாட்டியும் நானும்தான். மதியத்தில் சன்னல் துணி காற்றில் உள்ளே வரும், வெளியே போகும். பாட்டி பாயில் படுத்திருப்பார். தூங்கும்போது அவர் கைகள் லேசாக மேலே எழும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடிக்கும். ஒரு சின்ன உதறு. பிறகு கைகள் நெஞ்சுக்கு வரும். நான் எதிரே உட்கார்ந்து, அவர் கொடுப்பதை வாங்கிக்கொள்வது போல் காற்றில் கை நீட்டுவேன். அது எனக்கு விளையாட்டு. ஒருமுறை கண் விழித்து என்னைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. யாரோ என்று நினைத்தவர் போல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

பாட்டியின் விரல்களில் ரேகை கிடையாது. சோப்பும் குளோரினும் சூடும் அவற்றை அழித்துவிட்டிருந்தன. அடையாள அட்டையான ஐசியை மாற்றப் போனபோது கைரேகை இயந்திரம் அவரை ஏற்றுக்கொள்ள மறுத்தது. துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னார்கள். பாட்டி சிரித்துக்கொண்டே, "நான் தேஞ்சு போயிட்டேன் லா," என்று அந்த அதிகாரியிடம் தமிழிலேயே சொன்னார்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோதுதான் புதன்கிழமைகள் தொடங்கின. கல்லூரியில் இடம் கிடைக்கக் காத்துக்கொண்டு நான் வீட்டில் இருந்தேன். புதன்கிழமை காலையில் பாட்டி நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, பையில் ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு, "கோயிலுக்குப் போயிட்டு வரேன்," என்று புறப்படுவார். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்புவார். கோயிலுக்கு எதற்கு அவ்வளவு நேரம் என்று யாரும் கேட்டதில்லை. வயதானவர்களுக்குக் கோயிலில் நேரம் போகும் என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் வானம் உடைந்தது போல் மழை. சாலையில் லோரியின் பாதிச் சக்கரத்துக்குத் தண்ணீர். ஆறு மணியாயிற்று, பாட்டியைக் காணோம். கைப்பேசியை வழக்கம்போல வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா மாமாவைக் கூப்பிட்டார். மாமா மோட்டார் சைக்கிளில் கோயிலுக்குப் போய்விட்டு, சொட்டச் சொட்ட நனைந்து வந்தார்.

"அக்கா, குருக்கள்கிட்ட கேட்டேன். அம்மா புதன்கிழமை வந்ததே இல்லையாம்."

"இல்லையாம்னா?"

"ஒரு நாளும் இல்லையாம். வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவாங்களாம்."

அம்மா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதமாக வாரம் ஒரு நாள் தன் தாய் எங்கே போனார் என்று தெரியாத மகளின் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். பயம் ஒரு பக்கம் இருந்தது. வெட்கமும் இருந்தது.

ஏழு மணி வாக்கில் கீழே ஒரு சிறிய வெள்ளைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து பாட்டி இறங்கினார். சேலை ஈரம். அவரைக் கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டி வந்தது அம்மாவின் வயதுள்ள ஒரு சீனப் பெண். ஆபீஸ் உடுப்பில் இருந்தார்.

"சாரி, அக்கா," என்றார் அம்மாவிடம். மிச்சத்தை மலாயில் சொன்னார். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுவிட்டது. இல்லத்திலிருந்து தனக்குப் போன் செய்தார்கள். வேலை முடிந்ததும் போய் அழைத்து வந்தாராம். அம்மா புரியாமல் பார்த்தார். "எந்த இல்லம்?"

"முதியோர் இல்லம். பிரிக்பீல்ட்ஸில். என் அம்மாவைப் பார்க்க தங்கச்சி ஆன்டி புதன்கிழமை தவறாமல் வருவாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தங்கச்சி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் அமோயின் மகள் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் நின்ற அந்தப் பெண்ணை உள்ளே வரச் சொல்லவில்லை. அவர் சிறிது நேரம் நின்றுவிட்டு, பாட்டியின் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விட்டார். அம்மா அவரை உள்ளே கூப்பிடாததைப் பாட்டி கவனித்தார்.

தலையைத் துவட்டிக்கொண்டே பாட்டி எல்லாவற்றையும் சொன்னார். பிரஷர் மாத்திரை வாங்கப் போன கிளினிக்கில் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறார். அவர்தான் அடையாளம் கண்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாராம். அமோய்க்கு மறதி நோய், வீட்டில் தனியாக விட முடியவில்லை, தான் சனி ஞாயிறு போவதாகவும் வாரத்தின் நடுவில் அம்மாவுக்கு ஆளே இல்லை என்றும் சொல்லி அழுதிருக்கிறார்.

"அதுக்கு நீங்க போவணுமா?" என்றார் அம்மா. "உங்கள அத்தனை பேர் முன்னாடி தலைகுனிய வச்சவங்கம்மா. நீங்களே என்ன சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

"சொன்னதாலதான் உன்கிட்ட சொல்ல முடியல," என்றார் பாட்டி. "அவ புருஷன் அப்ப படுக்கையில கெடந்தான். இவளுக்கும் வேலை போச்சுன்னா அவ்வளவுதான். எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் கோவம் போகல. நான் என்ன செய்ய?"

அம்மா பாட்டியின் கையிலிருந்த ஈரத் துண்டை வாங்கிக்கொண்டார். இனித் தனியாகப் போகக்கூடாது என்று மட்டும் முடிவாகச் சொன்னார். அப்படித்தான் அடுத்த புதன்கிழமை நான் பாட்டியோடு ரயிலேறினேன்.

அந்தப் பயணம் எனக்குக் கண்ட கனவு போலவே நினைவிருக்கிறது. பத்து மணி ரயிலில் கூட்டமில்லை. குளிரூட்டியின் காற்று, கண்ணாடியில் பழைய மழையின் கோடுகள். பாட்டி உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். தொழிற்சாலைக் கூரைகளும் வாழை மரங்களும் ஃபிளாட்டுகளின் பின்பக்கங்களும் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு மாடியிலும் கம்பில் துணி. நான் எண்ண ஆரம்பித்து எங்கேயோ விட்டுவிட்டேன். அவர் தலை என் தோளில் இருந்தது, பறவை உட்கார்ந்தது போல் கனமே இல்லாமல். கோலாலம்பூரின் சென்ட்ரல் நிலையம் வந்ததும் யாரும் எழுப்பாமலே கண் திறந்தார்.

பிரிக்பீல்ட்ஸில் பாட்டி என்னைவிட வேகமாக நடந்தார். பூக்கடைகளையும் உணவுக்கடைகளையும் தாண்டி, ஒரு சந்தில் திரும்பினால் பழைய பங்களா வீடு. முன்னால் ஒரு ரம்புத்தான் மரம். வராந்தாவில் நாற்காலிகளில் வயதானவர்கள். எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு சின்ன உருவம், வெட்டிய வெள்ளை முடி, பூப்போட்ட சட்டை. படத்தில் சிவப்புச் சேலையில் நின்ற பெண் இவ்வளவுதான் மிச்சமிருந்தார்.

"அமோய், சூடா மாக்கான்?" என்றார் பாட்டி. சாப்பிட்டாச்சா என்றுதான் எப்போதும் தொடங்குவாராம்.

அமோய் பாட்டியை ஏறிட்டுப் பார்த்தார். யார் என்று தெரிந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் டப்பா திறந்ததும் ஊறுகாய் வாசனைக்கு முகம் மலர்ந்தது. பாட்டி ஊட்டிவிட்டார். அவர் சில நாள் தங்கச்சி என்பார், சில நாள் தன் செத்துப்போன அக்கா என்று நினைத்துக்கொண்டு சீனத்தில் பேசுவார், பாட்டி எல்லாவற்றுக்கும் ம் கொட்டுவார் என்று இல்லத்தில் வேலை செய்யும் பெண் என்னிடம் சொன்னார்.

சாப்பிட்ட பிறகு அந்தப் பெண் கொடியிலிருந்து எடுத்த பெட்ஷீட்டுகளை ஒரு கூடையில் கொண்டுவந்து வைத்தார். பாட்டி ஒன்றை எடுத்து விரித்து, இரண்டு முனைகளை அமோயின் விரல்களில் கொடுத்தார். அமோய் எழுந்து நின்றார். அதுவரை ஒரு ஸ்பூனைக்கூட நடுங்காமல் பிடிக்க முடியாதவர், ஒரு உதறு உதறினார். துணி காற்றில் நிமிர்ந்து நின்றது. கைகளைச் சேர்த்தார். நடந்தார். நெஞ்சுக்கு நேரே வந்ததும் முனைகளைக் கொடுத்துவிட்டு, அவரால் முடிந்த அளவு மெதுவாகக் குனிந்தார். நான் சுவரோரமாய் நின்றிருந்தேன். வெயில் துணிக்குப் பின்னால் இருந்தது. அவர்கள் நெருங்கும்போதெல்லாம் இரண்டு நிழல்கள் ஒன்றாகி, விலகும்போது இரண்டாயின.

நான்காவது ஐந்தாவது துணியின்போது பாட்டி கதை சொல்ல ஆரம்பித்தார். மலாயில், நெருங்கும்போது பாதி, திரும்ப நெருங்கும்போது மீதி. ஒரு டோபி இருந்தது. அங்கே இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருநாள் ஒரு சிவப்புத் துண்டு வெள்ளைத் துணிக்குள் ஒளிந்துகொண்டது. கதவைத் திறந்தால் எல்லாம் ரோஜா நிறம். அமோய் குழந்தை போல் சிரித்தார். பிறகு மேலாளர் வந்தார், ஒருத்தியைத் திட்டினார், மற்றவள் வாய் திறக்கவில்லை என்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"சியாப்பா பூஞா சாலா?" என்று கேட்டார். யார் மேல் தப்பு?

பாட்டி யோசித்தார். "காயின் மேரா பூஞா சாலா," என்றார். சிவப்புத் துணி மேல்தான் தப்பு.

அமோய் தலையை ஆட்டினார். பிறகு பாட்டியின் கட்டைவிரலை எடுத்து, ரேகை இல்லாத அந்த இடத்தைத் தன் விரலால் தேய்த்துக்கொண்டே, "அந்தப் பெண் அழுதிருப்பாள், பாவம்," என்றார்.

எந்தப் பெண் என்று அவர் சொல்லவில்லை. பாட்டி கேட்கவுமில்லை.

திரும்பி வரும் ரயிலில் நான் கேட்டேன். "பாட்டி, அவங்களுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லையா?"

"இல்லைன்னுதான் டாக்டர் சொல்றாரு. எனக்குச் சில நேரம் சந்தேகம்தான்." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "முதல் நாள் போனப்ப, ரெண்டு வார்த்தை திட்டிட்டு அப்புறம் மன்னிச்சுக்கலாம்னுதான் போனேன். அவ என்னைப் பாத்து, 'நீங்க புது ஆளா? பயப்படாதீங்க, நான் சொல்லிக்கொடுக்கறேன்'னா. முதல் நாள் டோபியில அதேதான் சொன்னா. திட்டு எங்க வரும்?"

வீட்டில் நான் பார்த்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். அடுத்த புதன்கிழமை காலையில் பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போனபோது தயிர்சாதம் கிளறி, ஆறவைத்து, டப்பாவில் அடைத்து மேசைமேல் இருந்தது. ஊறுகாய் தனிப் பாட்டிலில், ஒரு மாதத்துக்கு வரும் அளவுக்கு. அம்மா வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அமோய் இருந்தார். கடைசிக் காலத்தில் எழுந்து நிற்க முடியவில்லை. பாட்டி கட்டிலோரம் உட்கார்ந்து, ஒரு கைத்துண்டை மட்டும் அவரோடு சேர்ந்து மடிப்பார், திரும்பப் பிரிப்பார். ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் மகள் போன் செய்தார். சாவு வீட்டுக்குப் பாட்டி வெள்ளைச் சேலையில் போனார். ஊதுபத்தியை மூன்று விரலால் எப்படிப் பிடிப்பது என்று மகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மூன்று முறை குனிந்தார். அழவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பாயிலேயே கிடந்தார்.

மூன்றாம் நாள் புதன்கிழமை. நல்ல சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

"இன்னும் அங்க யாரு இருக்கா?" என்று நான் கேட்டேன்.

"துணி இருக்குல்ல," என்றார். "அங்க ஒரு மலாய்க்காரக் கிழவி இருக்கா. இழுத்துப் பிடிக்கவே தெரியல. சொல்லிக்கொடுக்கணும்."

முழங்கால் இடம் கொடுத்த வரைக்கும், இன்னும் நான்கைந்து வருடம், பாட்டி புதன்கிழமைகளில் போய்வந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால், எழுபத்து மூன்று வயதில், நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டுக் காலமானார்.

ஃபிளாட்டுக்குக் கீழே கூடாரம் போட்டிருந்தோம். மேளச் சத்தத்துக்கு நடுவே அந்தச் சிறிய வெள்ளைக் கார் வந்தது. அமோயின் மகள் இறங்கி, யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்பது போல் கூடாரத்தின் ஓரத்திலேயே நின்றார். கையில் ஒரு மாலை. பிரிக்பீல்ட்ஸில் வாங்கியிருக்க வேண்டும். வாய்க்கரிசி போடப் பெண்களைக் கூப்பிட்டார்கள். அம்மா முதலில் போட்டார். போட்டுவிட்டு நேராகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

சொந்தக்காரப் பெண் ஒருவர், "இவங்க யாரு? முறை இருக்கா?" என்றார்.

"இருக்கு," என்றார் அம்மா. "இவளும் பொண்ணுதான்."

அரிசியை அவர் உள்ளங்கையில் வைத்து, எப்படிப் போட வேண்டும் என்று அம்மா தன் கையால் காட்டினார். அவரும் அப்படியே போட்டார். பாதி அரிசி மாலை மேலும் தோள் மேலும் சிந்தியது. அம்மா அதைத் துடைக்கவில்லை.

பாட்டியை எடுத்துக்கொண்டு ஆண்கள் போனார்கள். வீட்டைக் கழுவிவிட்டோம். அந்தப் பெண் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு புறப்படப் பார்த்தார்.

"எங்க போறீங்க?" என்றார் அம்மா. "குளிக்காம போகக் கூடாது. சாப்பிடாமலும் போகக் கூடாது."

அவருக்குப் புரியவில்லை. நான் மலாயில் சொன்னேன். மாற்று உடுப்பு இல்லையே என்றார். அம்மா தன் அலமாரியிலிருந்து ஒரு துண்டையும் பூப்போட்ட பாத்தேக் கவுனையும் எடுத்து அவர் கையில் திணித்து, குளியலறைக்குள் அனுப்பிவிட்டார். வெகுநேரம் தண்ணீர் சத்தம் கேட்டது. அழுகிறார் என்று நினைத்துக்கொண்டோம். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. கவுன் அவருக்கு இரண்டு மடங்கு பெரிது. ஈர முடியோடு எங்கள் நடுவில், தரையில், காலை எப்படி மடக்குவது என்று இரண்டு மூன்று விதமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அம்மா அவர் இலையில் சோற்றை வைத்து சாம்பார் ஊற்றினார். "காரமா இருக்கா?"

"ஓகே லா, அக்கா," என்றார் அவர். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி இலையை முன்னால் நகர்த்தினார்.